எஸ்எஸ்டியா, ரேமா, புதுசா? நோம்பிக்கு வந்த மூன்று லேப்டாப்புகள்

இந்தப் பொங்கல் நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், பெரியப்பா வீட்டுத் திண்ணையில் மூன்று லேப்டாப்புகள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று, கோபி பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சராக இருக்கும் அக்காவுடையது. இன்னொன்று, பெருந்துறை பக்கம் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் தங்கச்சியுடையது. மூன்றாவது பெரியப்பாவுடையது. மூன்றுக்கும் புகார் ஒன்றே: ஸ்லோ.

"எமிஸ்ல ஒரு பக்கம் தெறக்கறதுக்குள்ள அடுத்த பீரியட் பெல்லே அடிச்சுருது தம்பி. பேசாம புதுசே வாங்கீறலாமான்னு இருக்குது" என்றார் அக்கா. எமிஸ் என்பது மாணவர் விவரங்களை ஏற்றுகிற பள்ளிக் கல்வித்துறை இணையதளம். பெரியப்பாவுக்கு வேறு யோசனை. "ஏங் கண்ணு, ரேம் போட்டா செரியாப் போயிருமாமா? டவுன்ல ஒருத்தரு சொன்னாரு." தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை. எஸ்எஸ்டி (சுற்றாத, சிப்பால் ஆன டிஸ்க்) விளம்பரம் ஒன்றைப் போனில் எடுத்து வைத்திருந்தாள், அதை நீட்டினாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பத்து வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். ஆபீஸில் எந்த மெஷின் படுத்தாலும் முதலில் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கிற வேலை என்னிடம்தான் வரும். அந்தப் பழக்கத்தில் பொழுது சாயும்வரை மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு வந்தது. அக்காவுக்குப் புதுசு வேண்டியதில்லை. பெரியப்பாவுக்கு ரேம் வேண்டியதில்லை. தங்கச்சி காட்டின எஸ்எஸ்டியை அவள் மெஷினில் மாட்டவே முடியாது. போன சித்திரையில் என் ஆபீஸ் லேப்டாப்புக்கு எடுத்த முடிவு இந்த மூன்றிலும் சேராது. இந்த நாலு மெஷினையும் வைத்தே சொல்கிறேன்.

எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது?

லேப்டாப் மெதுவாவதற்குக் காரணம் பெரும்பாலும் நாலில் ஒன்றாக இருக்கும்: டிஸ்க் (ஃபைல்கள் தங்குகிற இடம்), ரேம் (திறந்திருக்கிற வேலை நடக்கிற மெமரி), சூடு, பிராசஸர் (மெஷினின் மூளை). எது என்று தெரியாமல் காசு போட்டால் அந்தக் காசு வீண். தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யுங்கள். சும்மா இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. அக்காவாக இருந்தால் எமிஸ், ஒரு வேர்டு ஃபைல், வாட்ஸ்அப் வெப் மூன்றும் திறந்திருக்க வேண்டும்.

அக்கா மெஷினில் அப்படிப் பார்த்தபோது டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. அதே பக்கத்தில் கீழே, படிக்கிற வேகம் நொடிக்கு 1.8 எம்பி என்று காட்டியது. 100 சதவீதம் பாடுபட்டு 1.8 எம்பிதானா என்று தோன்றும். நோயின் அடையாளமே அதுதான்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். எழுதியும் படித்தும் வேலை செய்கிற முனை, வேண்டிய இடத்துக்கு நகர்ந்து போய், அந்த இடம் தனக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பெரிய சினிமா ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்பி அளவுக்குக் கொடுத்துவிடும். விண்டோஸ் ஆன் ஆகும்போது நடப்பது வேறு. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களை இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கும்போது நொடிக்கு நூறு தடவைகூட அந்த முனையால் இடம் மாற முடியாது. எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, முனையும் இல்லை. சிப்புக்குள் எந்த மூலையில் இருந்தாலும் எடுத்துக் கொடுக்க ஆகும் நேரம் ஒன்றுதான். அதனால் இதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்யும்.

எஸ்எஸ்டி

2013லிருந்து 2019 வரை வாங்கின லேப்டாப், உள்ளே சுற்றுகிற டிஸ்க், பிராசஸர் இன்டெல் ஐ3 அல்லது ஐ5 என்றால் முதல் ரூபாயை எஸ்எஸ்டிக்குப் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. 2023ல் ஆபீஸுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். 2025 கடைசியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி இரண்டுமே விலை ஏறிவிட்டன. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போய்க்கொண்டிருப்பதே காரணம். அதனால் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறின விலையிலும் இதைவிட நல்ல செலவு கிடையாது என்பேன்.

அக்காவுடையது 2017ல் வாங்கினது. ஐ3, ஆறாம் தலைமுறை (இன்டெல் பிராசஸர் வெளிவந்த வரிசை), 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அந்த வருஷங்களில் நம் பக்கத்து வீடுகளில் அதிகம் நுழைந்த ரகம். பட்டனை அழுத்தியதிலிருந்து குரோம் திறந்து எழுத்துத் தட்டுகிற நிலைக்கு வரும்வரை போனில் நேரம் பார்த்தோம்: 4 நிமிஷம் 40 செகண்ட். அடுத்த வாரம் எஸ்எஸ்டி மாற்றிவிட்டுப் பார்த்தபோது 35 செகண்ட். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ற லேப்டாப்தானா?" என்று கேட்டார்.

வாங்கப் போவதற்கு முன்னால் எந்த ரகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க் இருக்கும் இடத்தில் மாட்டுவது 2.5 இன்ச் சாட்டா ரகம். பபிள்கம் பட்டை அளவில் வருவது எம்.2. அந்த எம்.2விலும் இரண்டு ஜாதி உண்டு, சாட்டா, என்விஎம்இ. ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் சிலவற்றில் எம்.2 ஸ்லாட் இருக்கும், ஆனால் சாட்டாவை மட்டும்தான் ஏற்கும். அதில் என்விஎம்இ போட்டால் டிஸ்க்கே தெரியாது. மாடல் நம்பரைக் கடைக்காரரிடம் சொல்லி உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பேப்பரில் பார்த்தால் சாட்டா நொடிக்கு 550 எம்பி, என்விஎம்இ 3,500 எம்பி. பழைய லேப்டாப்பில் டேலி (கணக்கு மென்பொருள்), வேர்டு, குரோம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் கையில் உணர்கிற வித்தியாசம் கிடையாது. 900 ரூபாய்க்கு 2 டிபி என்று வருகிற விளம்பரம் எல்லாமே போலி. 2 டிபி என்று காட்டும், எழுதின ஃபைல் பிறகு திறக்காது.

கடையில் மாற்றக் கொடுத்தால் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: "கிராக் விண்டோஸ் போட வேண்டாமுங்க." விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு வந்த லேப்டாப்களுக்கு லைசன்ஸ் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே எடிஷனைப் புதிதாக ஏற்றினால், இன்டர்நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கின லைசன்ஸ் இருக்கும்போது, எதை ஒளித்து வைத்திருக்கிறதென்றே தெரியாத திருட்டு விண்டோஸில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்க வேண்டிய அவசியம் என்ன? கழற்றின பழைய டிஸ்க்கையும் மறக்காமல் திருப்பி வாங்குங்கள். ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கி மாட்டினால் அது பேக்கப் டிஸ்க் ஆகிவிடும்.

ரேம்

ரேமை எங்கள் ஆட்களுக்குக் கட்டிங் டேபிளை வைத்துத்தான் சொல்லுவேன். துணி ரோல் குடோனில் இருக்கிறது, அதுதான் டிஸ்க். வெட்டுகிற வேலை நடப்பது டேபிளில், அதுதான் ரேம். டேபிள் சின்னதாக இருந்தால் விரித்த துணியைச் சுருட்டி, குடோனுக்கு அனுப்பி, அடுத்த ரோலை எடுத்து வர வேண்டும். விண்டோஸும் ரேம் நிறைந்தால் அதைத்தான் செய்கிறது. ரேமில் இருப்பதைத் தூக்கி டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்து வருகிறது. குடோனுக்குப் போகிற வழி சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், ரேம் பற்றாக்குறையும் டிஸ்க் தாமதமும் ஒட்டுக்காச் சேர்ந்து மெஷினை நிறுத்திவிடும்.

ஆகவே 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் இரண்டும் ஒரே மெஷினில் இருந்து, இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டிதான் முதலில். வழி வேகமானால் சின்ன டேபிளை வைத்தும் ஓரளவு சமாளிக்கலாம். எஸ்எஸ்டி போட்ட பிறகும் டாஸ்க் மேனேஜரில் மெமரி 85, 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் அடுத்து ரேம். 8 ஜிபி ஆக்கினால் வீட்டு வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் போதும். 16 ஜிபி தேவைப்படுவது கோடிங், டிசைன், வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு. டேலியும் மெயிலும் மட்டும் ஓட்டுகிறவர் 16 போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன், அதுவும் இன்றைய ரேம் விலையில்.

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் இரண்டு ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ரேமிலும் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறை உண்டு. டிடிஆர்3 போட்ட மெஷினில் டிடிஆர்4 நுழையாது, வெட்டுவாய் இடம் மாறியிருக்கும். நாலாம், ஐந்தாம் தலைமுறை லேப்டாப்களுக்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்கும். 1.5 வோல்ட் பழைய டிடிஆர்3 போட்டால் மெஷின் ஆன் ஆகாமல் போகலாம். இன்னொன்றையும் பாருங்கள். சில கடைகளில் பழைய மெஷினுக்கு 32 பிட் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடாது. அந்த மெஷினில் 8 போட்டாலும் பாதி சும்மா கிடக்கும்.

அக்காவுக்கு எஸ்எஸ்டி மட்டும் போட்டோம். இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு ரேம் பற்றி யோசிக்கலாம் என்று நிறுத்தி வைத்தேன். அக்கா இன்னும் கேட்கவில்லை.

பஞ்சு

நம் பக்கத்துக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. ஊர் ஊராக எழுதப்படும் "லேப்டாப் வேகமாக்க பத்து வழி" எதிலும் இதற்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

போன சித்திரையில் என் ஆபீஸ் லேப்டாப் திடீரென்று நகர மறுத்தது. ஐ5, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், உள்ளே ஏற்கெனவே எஸ்எஸ்டி. காலையில் முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடும். அதற்குப் பிறகு டேலியில் ஒரு வவுச்சர் போட்டுவிட்டு என்டர் தட்டினால் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கும். டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். போர்டு வீக் ஆகிவிட்டது, பத்தாயிரம் ஆகும், இதற்குப் புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மனது ஒப்பவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க், மெமரி இரண்டும் சும்மா இருந்தன. சிபியூ பக்கத்தில் வேகம் 0.8 ஜிகாஹெர்ட்ஸ் என்று நின்றது. 3 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓட வேண்டிய பிராசஸர் அது. வெப்பம் காட்டுகிற ஒரு இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 97 டிகிரி. இன்டெல் லேப்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதை நெருங்கினால் கருகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெஷின் மெதுவானதே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு, 11 ஸ்குருவையும் எடுத்து, பின்மூடியைத் திறந்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேனைத் தனியாகக் கழற்றின பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஃபேனுக்கும் அதன் வாயில் இருக்கிற செம்புத் தகடுகளுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை, கம்பளித் துணி மாதிரி கெட்டியாக. ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் முழுசாகக் கையோடு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பஞ்சுப் பட்டையில் நேவி, மெரூன், கிரே மெலாஞ்ச் என்று கட்டிங் டேபிளில் ஓடின ஆர்டர்களின் நிறமெல்லாம் அடுக்கடுக்காக இருந்தன. என் சீட் கட்டிங் செக்‌ஷனுக்கு அடுத்த அறையில். கதவு சாத்தித்தான் இருக்கும், ஆனாலும் பஞ்சு வந்துவிடுகிறது.

பிராசஸர் மேல் இருந்த, சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாட்டம் உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதுசு வைத்தேன். பேஸ்ட்டும் பிரஷ்ஷும் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. மறுநாள் அதே வேலை, அதே டேலி: 72 டிகிரி, 3 ஜிகாஹெர்ட்ஸ். அந்த மெஷினில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பனியன் கம்பெனி, பல்லடம் சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடம், பொள்ளாச்சியில் தென்னை நார் ஓடுகிற இடம், காங்கேயத்து ரைஸ் மில், கோழிப் பண்ணை ஆபீஸ் என்று எதில் இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று உடுமலை, தாராபுரம் பக்கத்து வீடுகளுக்குள்ளேயும் மண்ணை வாரிக் கொட்டும். அது ஓய்ந்த பிறகு செய்தால் ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. சித்திரை வைகாசியில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டுகிற நாளில் அறையின் காற்றே சூடாகத்தான் உள்ளே போகும். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் அடிப்பக்கத்துக் காற்று வழியும் அடைந்துவிடும்.

கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷினில் பஞ்சு ஊதுகிற ஏர் கன்னையே லேப்டாப் ஓட்டைக்கும் காட்டுவார்கள். தயவு செய்து வேண்டாம். கம்ப்ரசர் லைனில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். அந்த வேகத்தில் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றி அச்சு போய்விடும். கெட்டியான பட்டை வெளியேயும் வராது, இன்னும் இறுகித்தான் போகும். சின்ன பிளோயரும் பிரஷ்ஷும் போதும். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்தபோது பேட்டரி உப்பியிருந்தால், அல்லது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு இருந்தால், வேறு எந்த வேலையும் பார்க்காதீர்கள். அதைக் குத்தாமல், நசுக்காமல் கடையில் கொடுத்து மாற்றுங்கள். சார்ஜர் மாற்றின பிறகுதான் மெதுவானதா என்றும் யோசித்துப் பாருங்கள். சில கம்பெனி லேப்டாப்கள் தன் சார்ஜர் என்று அடையாளம் தெரியாவிட்டால் பிராசஸர் வேகத்தைக் கட்டிவிடும்.

காசில்லாமல் செய்கிறவை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பலனும் சுருக்கம்தான். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கம் போய்த் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யலாம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே போதும். சி டிரைவ் நிறைந்து சிவப்பாக இருந்தால் பழைய டவுன்லோடுகளை நகர்த்தி, ஏழில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். ரிஜிஸ்ட்ரி கிளீனர், ஸ்பீடு பூஸ்டர் எதையும் போட வேண்டாம். அவையே ஸ்டார்ட்அப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுற்றுகிற டிஸ்க் இருந்தால் டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்று சேர்ப்பது) கொஞ்சம் உதவும், எஸ்எஸ்டிக்கு அது கூடாது.

விண்டோஸ் 10 என்கிற முடிச்சு

மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், ஏழில் ஒன்றிரண்டு விலக்கு. ஆக அக்காவின் மெஷின் எஸ்எஸ்டியால் வேகமானாலும் விண்டோஸ் 11க்கு வராது. "அப்பறம் எதுக்கு இதுக்குக் காசு போடறது?" என்று அக்காவே கேட்டார். நியாயமான கேள்வி.

வீட்டு உபயோக மெஷின்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் கிடைக்கிற ஏற்பாடு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அதோடு சிங்க் செய்ய ஒப்புக்கொண்டால் காசில்லாமலே சேரலாம். அக்காவை அதில் சேர்த்துவிட்டேன். அந்தத் தேதிக்குப் பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த மெஷினில் போட்டுக்கொள்ளலாம், கேசிங்கிலும் போடலாம். எஸ்எஸ்டிக்குப் போட்ட காசு மெஷினோடு சாகாது. ரேமுக்கு அந்த உறுதி இல்லை. அடுத்த மெஷின் டிடிஆர்5 ஆக இருந்தால் இது உதவாது. அக்காவுக்கு ரேமை நிறுத்தி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தகுதி இல்லாத மெஷினிலும் விண்டோஸ் 11 ஏற்றுகிற குறுக்கு வழிகள் இருக்கின்றன. அப்படி ஏற்றினதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. வீட்டில் படம் பார்க்கிற மெஷினில் என்றால் உங்கள் விருப்பம். ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற மெஷினில் நான் செய்ய மாட்டேன்.

இன்னொரு வழி லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் ஏற்றிக்கொள்கிற இயங்குதளம். 2011ல் தொடங்கின அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்து மெஷின்களில் பாஸ் லினக்ஸ் இருந்தது நம் பிள்ளைகள் பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது லினக்ஸ் மின்ட் அதைவிட எவ்வளவோ பழகுவதற்கு எளிது. அதில் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான எடிஷன் 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் வரும். பென் டிரைவில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரின்டர், சவுண்டு மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

லினக்ஸ் யாருக்கு வேண்டாம்? டேலி விண்டோஸுக்காகச் செய்தது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கும், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் வினாத்தாள் அடித்து வைத்திருக்கிறவர்களுக்கும் விண்டோஸே நிம்மதி. பெரியப்பா பார்ப்பது யூடியூப், பட்டா சிட்டா, மஞ்சள் விலை, பேரனோடு வீடியோ கால், அவ்வளவுதான். 2013 மெஷின், மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி. சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டு மின்ட் ஏற்றிவிட்டோம். ரேம் தொடவில்லை. யூடியூபை 720பியில் வைத்தால் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.

மாற்றியே ஆக வேண்டிய மெஷின்

தங்கச்சியுடையது 2020ல் ஆன்லைன் கிளாஸுக்காக அவசரத்தில் வாங்கினது. செலரான் பிராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (டிஸ்க்குக்குப் பதிலாக வருகிற மெமரி சிப்). ரேமும் இஎம்எம்சியும் போர்டிலேயே சால்டர் செய்தவை. மூடியைத் திறந்து காட்டினேன், எஸ்எஸ்டி மாட்ட ஒரு ஸ்லாட் இல்லை. அவள் படிப்புக்கு, போன் ஆப் செய்கிற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ வேண்டும். அதற்கு 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், எமுலேட்டரும் (ஸ்கிரீனுக்குள் ஓடுகிற மாதிரி போன்) சேர்ந்து ஓட 16 ஜிபி. அந்த மெஷினில் ஒரு ரூபாய் போட்டாலும் வீண்தான். "அம்மணி, இதை அம்மா சமையல் வீடியோ பாக்கறதுக்குக் குடுத்துரு" என்றேன்.

புதுசா, ரீஃபர்பிஷ்டா (சரிபார்த்து விற்கிற பழசா) என்பது அடுத்த கேள்வி. கோயமுத்தூரில் ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசை மெஷின்கள் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. நான் அவற்றின் பக்கம்தான். கீபோர்டும் கீலும் உறுதியாக இருக்கும், பின்மூடி எளிதாகக் கழலும், ஃபேன் சுத்தம் செய்ய வசதி. ஐ5க்குப் பிறகு வருகிற எண்ணைப் பாருங்கள்: 6200யூ என்றால் ஆறாம் தலைமுறை, 8250யூ எட்டு, 1135ஜி7 பதினொன்று. ஏழாம் தலைமுறைவரை யூ வரிசை ஐ5ல் இரண்டு கோர்தான் (கோர் என்றால் பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி), எட்டிலிருந்து நாலோ அதற்கு மேலோ. விண்டோஸ் 11 வாசலும் அதே எட்டுதான். அதனால் ஏழாம் தலைமுறை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்லுவேன். வாங்கும்போது பயாஸ் பாஸ்வேர்டு (விண்டோஸுக்கு முன்னால் வருகிற அடிப்படை செட்டிங்குக்குப் போட்ட பூட்டு) இல்லாமல் இருக்கிறதா, பேட்டரி இப்போது எவ்வளவு பிடிக்கிறது, ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, மூன்றையும் கடையிலேயே திறந்து பாருங்கள். எழுத்தில் வாரண்டி தராத கடையில் வாங்காதீர்கள்.

மூன்று நாலு வருஷம் கடும் வேலை இருக்கிறது, பட்ஜெட்டும் இடம் கொடுக்கிறது என்றால் புதுசு வாங்கலாம். புதுசிலும் ரேம் சால்டர் செய்த மெல்லிசு மாடல் என்றால் வாங்கும்போதே 16 ஜிபி எடுங்கள், பிறகு ஏற்ற வழி இல்லை. தங்கச்சிக்குப் பதினொன்றாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு பார்த்து வைத்திருக்கிறோம். சித்தப்பா மாசக் கடைசியில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

பெரியப்பா மெஷினில் ஸ்குருவைத் தொடுவதற்கு முன்னால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. பெண்டிங் செக்டார் என்கிற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் எண் ஏறியிருந்தது. டிஸ்க் சில இடங்களைப் படிக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் வேறு சத்தமும் இல்லாததால் காதை வைத்துக் கேட்டபோது மெல்லிய டிக், டிக்.

உடனே எல்லா வேலையையும் நிறுத்தினோம். இப்படிப்பட்ட டிஸ்க்கில் ஸ்கேன் ஓட்டுவதும் டிஃப்ராக் செய்வதும் இருக்கிற உயிரையும் வாங்கிவிடும். முதலில் காப்பி. எது இல்லாவிட்டால் மனது தாங்காதோ அதை முதலில் எடுக்க வேண்டும். "எது பெரியப்பா முக்கியமுங்க?" என்று கேட்டேன். தோட்டத்துப் பத்திர ஸ்கேன், கிணற்று மோட்டார் கனெக்‌ஷன் பேப்பர் எல்லாம் சொல்லுவார் என்று நினைத்தேன். "அப்பாரு போல்டரை எடு கண்ணு" என்றார். அப்பாரு என்றால் எங்கள் தாத்தா.

பொழுதோட ஆறரைக்கு ஆரம்பித்தது ராத்திரி பதினொன்றுக்கு முடிந்தது. 41 ஜிபி. நடுவில் இரண்டு தடவை நின்றது, காத்திருந்து திரும்ப ஓட்டினோம். மஞ்சள் வேகவைக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் அப்பாரு நின்று பேசுகிற ஒரு வீடியோ காப்பி ஆகும்போது பெரியப்பா சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அந்தப் பச்சைப் பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று ஃபைல் மட்டும் வரவில்லை. அந்த வீடியோ வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்எஸ்டியோடு போனபோது பழைய டிஸ்க் சுற்றவே இல்லை.